கலச் செய்முறைக்கு ஐதரில்லாவும் மெதிலீன் நீலமும் தேவை

வணக்கம். வன்னியில இருக்கிற விஞ்ஞான ஆசிரியர்களிட்ட ஒரு உதவி.

சாதாரண தரப் பிள்ளைகளுக்குத் தாவரக் கலத்தையும் விலங்குக் கலத்தையும் நுணுக்குக்காட்டியில காட்டவேணும். வெங்காயம் கையில இருக்கு. உள்பக்க உரியில ஒரு துளி அயடீன் விட்டால் கலச்சுவரும் கருவும் தெளிவாத் தெரியும். ஆனால் அதில பச்சையவுருமணி (இலைக்குப் பச்சை நிறம் குடுக்கிற மணி) இல்லை. பாடப் படத்தில இருக்கிறது இதில ஏன் இல்லை எண்டு பிள்ளை கேட்கிறது நியாயமான கேள்வி.

அதுக்குத்தான் ஐதரில்லா எண்ட நீர்த்தாவரத்தைத் தேடுறம். நுனிக்குக் கிட்ட உள்ள இளம் இலையைச் சாயமிடாமல், எடுத்த தண்ணியிலேயே வழுக்கியில வைக்கவேணும். பச்சை மணிகள் கலத்தின்ர ஓரமா நிற்கும். நடுவில பெரிய புன்வெற்றிடம் (கலச்சாறு நிறைஞ்ச பை) இடத்தைப் பிடிச்சிருக்கிறதுதான் காரணம். நல்ல வெளிச்சத்தில கொஞ்ச நேரம் விட்டால் அவை மெல்ல ஊர்ந்து சுற்றுறதையும் பார்க்கலாம். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டுப் பக்கம் இப்ப எந்த வாய்க்காலில கிடைக்குது?

விலங்குக் கலத்துக்கு, கன்னத்தின்ர உள்பக்கத்தில இருந்து எடுக்கிற கலத்தைக் காட்டப்போறம். அதுக்குச் சாயமா 1% மெதிலீன் நீலம் 25 மில்லிலீற்றர் தந்தால் போதும். கன்னக் கலத்தை வெறும் தண்ணியில வைக்கிற ஆக்கள் கவனியுங்கோ: கலச்சுவர் இல்லாததால தண்ணி புகுந்து ஊதும், வெடிக்கவும் கூடும். 100 மில்லிலீற்றருக்கு 0.9 கிராம் உப்புப் போட்ட கரைசல்தான் சரி. சாயம் கூடினால் எல்லாம் நீலமாகிக் கரு தெரியாது. மூடித்துண்டின் ஓரத்தில வடிதாள் வைச்சு உறிஞ்சி எடுங்கோ.

இழைமணியின் (கலத்துக்குச் சக்தி குடுக்கிற நுண்ணிய உறுப்பு) உள்மடிப்பு எங்கட நுணுக்குக்காட்டியில தெரியாது. பெரிதாக அச்சடிச்ச இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படம் ஆரிட்டையும் இருந்தால் இரவல் தாங்கோ.