பாட்டி வீட்டுக் குழு, சுங்கை சிப்பூட்

சனி, இரவு 8:05

கவின்: [படம்] நானே கட்டுன CNC மிஷின்ல, அதான் கம்ப்யூட்டர் சொல்றபடி மரம் செதுக்குறது, கோயில் போர்டுக்கு ஒரு எழுத்து வெட்டிப் பாத்தேன். எப்படி இருக்கு?

அக்கா ஈப்போ: நல்லா இருக்குடா. ஆனா ‘ன்’ லேசா ஒரு பக்கமா சாஞ்சு நிக்குதே. போட்டோ எடுத்த கோணமா?

கவின்: இல்லக்கா, நேர்லயும் அப்படித்தான் இருக்கு. ரெண்டு மாசமா வேல முடிஞ்சு வந்து ராத்திரி ராத்திரி கட்டுன மிஷின். மனசே சரியில்ல

மாமா கிள்ளான்: ஒரு மில்லிமீட்டர் நகர மோட்டாருக்கு எத்தன பல்ஸ், அதான் மின் துடிப்பு, போட்ட?

கவின்: 200 மாமா. மோட்டார் ஒரு சுத்துக்கு 200 ஸ்டெப், மோட்டார ஓட்டுற டிரைவர் சர்க்யூட்ல ஒவ்வொரு ஸ்டெப்பையும் எட்டா பிரிச்சா 1600. ஸ்குரு ஒரு சுத்துக்கு 8 மில்லி நகரும்

சித்தப்பா: கணக்கு சரி. 100 மில்லில ஒரு வட்டம் வெட்டு. குறுக்க, நெடுக்க, அப்புறம் ரெண்டு மூலைவாட்டம், நாலும் அளந்து சொல்லு

9:10

கவின்: குறுக்க 100. நெடுக்க 100. மூலைவாட்டத்துல ஒண்ணு 100.5, இன்னொண்ணு 99.5

சித்தப்பா: பல்ஸ் தப்பா இருந்தா குறுக்கயோ நெடுக்கயோ மாறியிருக்கும். மூலைவாட்டம் மட்டும் மாறுதுன்னா வெட்டுற பிட்ட தூக்கிட்டு மேல ஓடுற பாலம் கோணலா நிக்குதுன்னு அர்த்தம். கொத்தனார் அஸ்திவாரத்துக்கு நூல் கட்டுற மூணு, நாலு, அஞ்சு கணக்குதான். வேலை பாக்குற மில்லுல நாங்களும் அதத்தான் பாப்போம். மூலைல ஒரு புள்ளி வை. அங்கேர்ந்து குறுக்க 300ல ஒண்ணு, நெடுக்க 400ல ஒண்ணு. அந்த ரெண்டுக்கும் நடுவுல டேப் புடி, 500 வரணும்

கவின்: 502 தாண்டிடுச்சு சித்தப்பா. 502.5 கிட்ட

சித்தப்பா: நூறுக்கு ஒரு மில்லி கோணல். பாலம் 600 அகலம்தானே? ஒரு பக்கம் 6 மில்லி முன்னால நிக்குது

அக்கா ஈப்போ: அது எப்படித் தானா நகரும்?

கவின்: அக்கா, நான்தான். ரெண்டு பக்கமும் தனித்தனி ஸ்குரு, தனித்தனி மோட்டார். போன வாரம் தூசி துடைச்சேன். இடது பக்க ஸ்குருவ துணியால புடிச்சு சுத்திச் சுத்தி துடைச்சேன், வலது பக்கத்த தொடவே இல்ல

சித்தப்பா: அதேதான். தான் எங்க நிக்கிறோம்னு அந்த மோட்டாருக்குத் தெரியாது. கரண்ட் வந்ததும் நிக்கிற எடத்துலேர்ந்தே எண்ணும். பிளக்க கழட்டிட்டு, பின்தங்குன பக்கத்த கையால மெதுவா முக்கால் சுத்து சுத்து. எட்டுல முக்கால் ஆறு. மறுபடி மூணு நாலு அஞ்சு பாரு. சரியா வந்ததும் பாலத்துக்குப் பின்னால ரெண்டு பக்கமும் கட்டை வச்சு இறுக்கிடு. தினம் சுவிட்ச் போடுறதுக்கு முன்ன பாலம் ரெண்டு கட்டையிலயும் முட்டி நிக்கணும்

அம்மா: எழுத்து ஓரமெல்லாம் கருகியிருக்கு. போர்ச் முழுக்க தீஞ்ச வாசன

மாமா கிள்ளான்: என்ன வேகம் விட்ட?

கவின்: நிமிஷத்துக்கு பிட் சுத்துறது 18,000 சுத்து மாமா. நகர்றது 600 மில்லி. உடஞ்சிடுமோன்னு பயந்து மெதுவா விட்டேன்

மாமா கிள்ளான்: மெதுவா விட்டாதான் கருகும் லா. பிட்டுக்கு ரெண்டு பல்லு, அப்ப நிமிஷத்துக்கு 36,000 வெட்டு. ஒரு வெட்டுக்கு 0.02 மில்லிகூட வரல. அது வெட்டாது, தேய்க்கும். சுத்த 10,000க்கு எறக்கி, நகர்ற வேகத்த 1000 மில்லிக்கு ஏத்து. வெட்டுக்கு 0.05 கெடைக்கும். மாவா கொட்டாம சீவலா விழுதான்னு பாரு

சித்தப்பா: பிட்ட ரொம்ப வெளிய நீட்டாத. நீளம் ரெண்டு மடங்கானா வளையறது எட்டு மடங்கு

அம்மா: பாட்டி சொல்றாங்க, நான் டைப் பண்றேன். “எவ்வளவு ஆழம் வெட்டுற?”

கவின்: ஒரே தடவைல 3 மில்லி பாட்டி

அம்மா: “ரப்பர் பால் வெட்டுறப்ப கத்திய ஆழமா விட்டா மரத்துல காயம் விழும், அப்புறம் அந்தப் பட்டையில பால் வராது. மெல்லிசா சீவணும். ரெண்டு தடவையா எடு சாமி.” அது ரப்பர் மரப்பலகைன்னு சொன்னதும் எந்திரிச்சுப் போய் தடவிப் பாத்தாங்க. அந்தக் காலத்துல பால் நின்ன மரத்த, ரப்பர் ஷீட் காய வைக்கிற புகைவீட்டுக்கு வெறகாத்தான் தள்ளுவாங்களாம்

கவின்: சரி பாட்டி. ஒன்றரை ஒன்றரையா எடுக்கறேன்

ஞாயிறு, காலை 10:40

கவின்: [படம்] முக்கால் சுத்து சுத்தினேன், டேப்ல 500. புது வட்டத்துல நாலு அளவும் 100. கருகல் இல்ல, சீவல் சுருள் சுருளா விழுது

அக்கா ஈப்போ: ‘ன்’ நேரா நிக்குதுடா!! பசியாறினியா இல்லையா?

கவின்: இனிமேதான்கா. அம்மா தோசை எடுத்து வச்சிருக்காங்க

சித்தப்பா: போர்ட எங்க மாட்டப் போற?

கவின்: கோயில் வாசல்ல

சித்தப்பா: வேணாம். ரப்பர் மரம் மழைக்குத் தாங்காது, பூஞ்சை புடிச்சு கருத்துடும். வார்னிஷ் அடிச்சாலும் ரொம்ப நாள் நிக்காது. மண்டபத்துக்கு உள்ள மாட்டு. வாசலுக்கு மழை தாங்குற செங்கால் மரம் பாப்போம், அடுத்த வாரம் வரப்ப மரக்கடைக்குப் போலாம்

கவின்: சரி சித்தப்பா. இது உள்ள, உண்டியலுக்கு மேல. கோயில் தலைவர்கிட்ட இன்னிக்கே கேக்கறேன்