மழைக்கு அப்புறம் மரவள்ளி பாயிண்ட் எங்கே போகுது?

வசிஷ்டநதிக்கரை:
ஆத்தூர் பக்கம் ரெண்டு ஏக்கர் மரவள்ளி. குங்குமரோஸ் ரகம், ஆனியில நட்டது. சித்திரை ஆரம்பத்துல நாலு செடி பிடுங்கி சேகோ (ஜவ்வரிசி) பேக்டரியில பார்த்தப்ப 28 பாயிண்ட், அதான் கிழங்குல இருக்கிற மாவோட அளவு. விலை ஏறட்டும்னு அப்பா வெட்டாம விட்டுட்டார். நடுவுல கோடை மழை. மொட்டையா நின்ன செடியெல்லாம் துளிர் விட்டு, பார்க்கவே ஆசையா இருந்துச்சு. மூணு வாரம் கழிச்சு லோடு ஏத்தினா 24ங்கறாங்க! தராசுல தில்லுமுல்லுன்னு அப்பா குதிக்கிறார். இலை கூடினா ஒளிச்சேர்க்கை கூடணும், மாவும் ஏறணும்தானே?

ரிட்டயர்டு வாத்தியார்:
தம்பி, சேலத்துல 31 வருசம் அறிவியல் எடுத்தவன் சொல்றேன், தராசைத் திட்டாதீங்க. வேர் தர்ற தண்ணி, இலைத்துளை வழியா நுழையுற கரியமில வாயு, இந்த ரெண்டையும் வச்சுப் பச்சையம் வெயில்ல சர்க்கரை பண்ணுது. பகல்ல மிஞ்சினதை இலையே மாவா வச்சுக்கும். ராத்திரி அதைக் கரைச்சுத் திரும்பவும் சர்க்கரையாக்கி, புளோயம்ங்கற குழாய் வழியா கீழே அனுப்பும். கிழங்குல அது மறுபடி மாவாகும்.

கிழங்கு செடியோட தானியக் குதிர். நம்ம வசதிக்காக அது சேர்த்து வைக்கலை. வறட்சியில இலையைக் கொட்டிட்டுச் சும்மா கிடந்த செடி, மழை பட்டதும் துளிர் விடணும். இளந்துளிர் தன் சோத்தைத் தானே ஆக்காது, விரிஞ்சு முத்துற வரைக்கும் உட்கார்ந்து தின்னும். குதிரைத் திறந்துதான் அதுக்குப் படியளக்கணும். மாவு சர்க்கரையா மாறி மேலே ஏறிடுச்சு. போதாததுக்குக் கிழங்கு தண்ணியும் குடிச்சிருக்கும். நீங்க ஆசையா பார்த்தீங்களே, அதுதான் உங்க 4 பாயிண்ட்.

சேகோ மேஸ்திரி:
வாத்தியார் சொன்னது சரிங்க. மழைக்கு அப்புறம் வர்ற லோடு எல்லாமே இப்படித்தான். மாவு தண்ணியை விட ஒன்றரை மடங்கு கனம். அதனாலதான் கிழங்கைத் தண்ணியில முக்கி எடை பார்க்கிறோம். மாவு நிறைய இருந்தா தண்ணிக்குள்ளயும் எடை நிக்கும். ஆனா சாம்பிளை நீங்களே எடுத்துக் கொடுங்க, காம்பை நறுக்கி, மண்ணைக் கழுவி, கண்ணு முன்னாடி போடச் சொல்லுங்க. எல்லா இடத்திலயும் யோக்கியம்னு நான் சொல்ல வரலை.

ஏற்காடு காப்பி:
எங்க மலையிலயும் இதே கணக்குதான். சில்வர் ஓக் நிழலை ஓவரா வெட்டிட்டா அந்த வருசம் காப்பி கொத்துக் கொத்தா காய்க்கும். இருக்கிற இலை அத்தனை காய்க்கும் சம்பாதிக்க முடியாது. சேமிப்பு கரைஞ்சு கிளை நுனியெல்லாம் காஞ்சு நிக்கும். அடுத்த வருசம் காய்ப்பு அம்போ.

வசிஷ்டநதிக்கரை:
அப்ப துளிரைக் கிள்ளிட்டா?

ரிட்டயர்டு வாத்தியார்:
மறுபடி துளிர்க்கும், மறுபடி அதே குதிர்ல இருந்துதான் எடுக்கும். மீதி வயலை விட்டு வைங்க, இலை முத்தினா மாவு திரும்ப இறங்கும். ரொம்ப நாள் விட்டாலும் கிழங்கு நார் பாய்ஞ்சிடும், பார்த்துக்குங்க.

வசிஷ்டநதிக்கரை:
அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன் ஐயா. “அப்ப என் 4 பாயிண்டும் மேலே தழையா நிக்குதா? ஆட்டை அவுத்து விடு, ஆடாவது தின்னட்டும்”னு எழுந்து போறார்.

சேகோ மேஸ்திரி:
ஐயோ, ஓடிப் போய் ஆட்டைப் பிடிங்க! மரவள்ளிப் பச்சைத் தழை விஷம்ங்க, மூச்சு முட்டி நின்ன இடத்துலயே விழுந்துடும்.