பீம்-தூண் இணைப்பு: சைட்டில் வெல்டிங்கை நிறுத்த வேண்டிய நேரம் வந்துவிட்டதா?

செந்தில்
நேரடியாகவே கேட்கிறேன். ஸ்டீல் கட்டடத்தில், உயரத்தில் நின்று பீமைத் தூணோடு வெல்ட் செய்யும் வேலையை நாம் ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறோம்? வெல்டிங் முழுவதையும் ஒர்க்‌ஷாப்பில் முடித்துக்கொண்டு, சைட்டில் போல்ட் மட்டும் போடுவது என்று டிசைனிலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

பதினாறு வருடமாக இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறேன். அல்ட்ராசோனிக் சோதனையில் திரும்பத் திரும்ப அடிபடுவது கீழ் ஃபிளாஞ்சின் (பீமின் அடியில் படுத்திருக்கும் தகடு) நடுப்பகுதிதான். அங்கே பீமின் வெப் (நடுவில் நிமிர்ந்து நிற்கும் தகடு) குறுக்கே நிற்கிறது. வெல்டர் ஒரு பக்கமிருந்து வந்து, வெப்பில் வெட்டிய சின்ன ஓட்டைக்குள் வெல்டிங் கம்பியை விட்டு நிறுத்தி, மறுபக்கம் போய் அதே ஓட்டை வழியாக மறுபடி ஆரம்பிக்க வேண்டும். நிறுத்தி ஆரம்பிக்கிற அந்த இடத்தில்தான் ஸ்லாக் (வெல்டிங் கசடு) மாட்டிக்கொள்கிறது. கலிஃபோர்னியாவின் 1994 ஜனவரி 17 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் பெரும்பாலும் கீழ் ஃபிளாஞ்சு வெல்டில்தான் விரிசல் விட்டது. அந்த ஸ்டீல் கட்டடங்கள் நின்றுகொண்டுதான் இருந்தன, சுவரையும் தீத்தடுப்புப் பூச்சையும் எடுத்துப் பார்த்த பிறகுதான் பல விரிசல்கள் தெரிய வந்தன. எனக்கு இன்றைக்கும் பயம் அதுதான், மேலே மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது.

மதிவாணன்
செந்தில் சார், நார்த்ரிட்ஜைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அன்று பரவலாகப் பயன்பட்டது ஈ70டி-4 வெல்டிங் கம்பி. அதற்கு டஃப்னெஸ் (அதிர்ச்சியில் உடையாமல் தாங்கும் திறன்) நிபந்தனையே கிடையாது. வேகமாக நிரப்பும், அதனால் எல்லோரும் அதையே எடுத்தார்கள். உருகிய உலோகம் ஒழுகாமலிருக்கக் கீழே வைத்த பேக்கிங் பாரை அப்படியே விட்டுவிட்டார்கள், அதற்கும் தூணுக்கும் நடுவிலிருந்த இடைவெளியே ஒரு ரெடிமேட் விரிசலாக வேலை செய்தது.

அதற்குப் பிறகு எவ்வளவு மாறியிருக்கிறது! முக்கியமான வெல்ட் உலோகம் அடித்து உடைக்கும் சோதனையில் மைனஸ் 18 டிகிரியில் 27 ஜூல், 20 டிகிரியில் 54 ஜூல் ஆற்றலைத் தாங்க வேண்டும் என்று அமெரிக்க நிலநடுக்க விதியிலேயே எழுதிவிட்டார்கள். கீழ் பேக்கிங் பாரை எடுத்து, வெல்டின் அடிப்பகுதியைத் தோண்டி, ஃபில்லெட் (மூலையில் போடும் முக்கோண வெல்ட்) போட்டு மூடுகிறோம். தூணை விட்டுச் சற்றுத் தள்ளி பீமின் ஃபிளாஞ்சை இரு பக்கமும் வளைவாகக் குறைக்கும் முறையும் வந்துவிட்டது, வளைவது அங்கே நடக்கும், வெல்டுக்குப் பாரம் குறையும்.

சரி, போல்ட் மட்டும் யோக்கியமா? சான் பிரான்சிஸ்கோ-ஓக்லண்ட் பே பாலத்தின் கிழக்குப் பகுதியில் 2013 மார்ச்சில் 96 நங்கூரக் கம்பிகளை இழுத்துக் கட்டினார்கள். இரண்டு வாரத்துக்குள் 32 கம்பிகள் உடைந்தன. ஹைட்ரஜன் புகுந்து உடையக்கூடியதாகிவிட்டது. இறுக்கிய அன்று எல்லாம் சரியாகத்தான் இருந்தன. வெளியே தெரியாத ஆபத்து வெல்டிங்குக்கு மட்டும் சொந்தமில்லை.

செந்தில்
அது 3 அங்குலத் தடிமனுள்ள, அதிக வலிமை ஏற்றிய, துத்தநாகம் பூசிய கம்பி. வருடக்கணக்கில் தண்ணீர் தேங்கிய குழியில் கிடந்தது. அதை நாம் தினமும் போடும் எம்20 (20 மில்லி விட்டம்) போல்ட்டோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

போல்ட்டில் தப்பு நடந்தால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. முதலில் தகடுகள் ஒன்றோடொன்று நன்றாக ஒட்டும்வரை இறுக்குவது, அப்புறம் நட்டிலும் போல்ட் நுனியிலும் பெயின்டால் ஒரே கோடு போடுவது, அதன் பிறகு நீளத்தைப் பொறுத்து மூன்றில் ஒரு சுற்றோ அரைச் சுற்றோ திருப்புவது. கோடு விலகியிருக்கிறதா என்று டார்ச் அடித்தால் கீழிருந்தே தெரியும். வெல்டுக்கு அப்படி ஏதாவது உண்டா?

மதிவாணன்
உண்டா இல்லையா என்பதற்கு முன்னால் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சைட்டில் கோடெல்லாம் அழகாக விலகியிருந்தது. ஸ்பேனரை வைத்து லேசாகத் தட்டினேன், நட் சுழல்கிறது! நடுவில் தகடு ஒட்டவே இல்லை, 4 மில்லி இடைவெளி. ஒட்டாத தகட்டின் மேல் கோடு போட்டு அரைச் சுற்றுத் திருப்பியிருக்கிறார்கள், அந்தத் திருப்பல் முழுவதும் இடைவெளியை மூடுவதிலேயே போய்விட்டது. போல்ட்டுகளைப் பெட்டியைத் திறந்து மழையில் வேறு விட்டிருந்தார்கள். துருப்பிடித்த நட்டில் இறுக்கும் துப்பாக்கி திணறுவதைப் பார்த்து இறுகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம், உள்ளே 142 கிலோநியூட்டன் இழுவிசை இருக்க வேண்டிய எம்20 போல்ட்டில் அதில் பாதி இருந்ததா என்பதே சந்தேகம்.

இன்னொன்று. சியாட்டிலின் ரெய்னியர் ஸ்கொயர் கோபுரம், 58 மாடி. கட்டடத்தின் நடுத் தண்டை (கோர்) இரண்டு ஸ்டீல் தகட்டுக்கு நடுவே கான்கிரீட் ஊற்றிக் கட்டினார்கள், ஸ்டீல் ஏற்றும் வேலை ஏறக்குறைய 10 மாதத்தில் முடிந்தது. அந்தத் தகட்டுப் பலகைகளை ஒன்றோடொன்று சேர்த்தது சைட் வெல்டிங்தான். துறையே இந்தப் பக்கம் நகரும்போது நீங்கள் நிறுத்தச் சொல்கிறீர்கள்.

யாழினி
நான் டிசைன் பக்கத்தில் இருப்பவள், ஒர்க்‌ஷாப்பில் செய்தால் பத்திரம் என்ற நம்பிக்கை எனக்கும் இருந்தது. சான் பிரான்சிஸ்கோ சேல்ஸ்ஃபோர்ஸ் டிரான்சிட் சென்டர் 2018 ஆகஸ்டில் திறந்து, செப்டம்பர் 25ஆம் தேதியே மூடினார்கள். 4 அங்குல கீழ் ஃபிளாஞ்சு பிளந்திருந்தது. ஆரம்பம், வெல்ட் செய்ய வசதியாக நெருப்பால் வெட்டிய ஓட்டையின் ஓரத்தில் ஃபேப்ரிகேஷனிலேயே (பீமைத் தயாரிக்கும்போதே) விழுந்த நுண்விரிசல். அது உயரத்தில் காற்றில் நின்று செய்த வேலை இல்லை. தடித்த தகடு, சொரசொரப்பான வெட்டு, அதைச் சாணை பிடித்துச் சோதிக்காமல் விட்டது, இவை சேர்ந்தால் எந்தக் கூரைக்குக் கீழே செய்தாலும் ஒன்றுதான்.

ஆனாலும் என் ஓட்டு போல்ட்டுக்கு, வேறு காரணத்துக்காக. கட்டடத்தைக் கழற்றும்போது பீமை உருக்காமல் அப்படியே மறுபடி பயன்படுத்த வேண்டும் என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள், பிரிட்டனில் ஸ்டீல் கன்ஸ்ட்ரக்‌ஷன் இன்ஸ்டிட்யூட் 2019இல் இதற்கென்றே வழிகாட்டி வெளியிட்டது. வெல்ட் செய்த பீமைக் கேஸ் கட்டரால் வெட்டி எடுத்தால் நீளமும் போய்விடும், முனையும் கெட்டுவிடும்.

மதிவாணன்
யாழினி மேடம், அதை ஒத்துக்கொள்கிறேன். எடையை மட்டும் தாங்கும் சாதாரண பீமுக்கு நானே போல்ட்தான் சொல்வேன். மொமென்ட் ஃபிரேமிலும் (பீமும் தூணும் விறைப்பாகச் சேர்ந்து பக்கவாட்டு விசையைத் தாங்கும் சட்டகம்) தூண் ஸ்பிளைஸிலும்தான் (தூணோடு தூண் சேரும் இடம்) என் வாதம். அங்கே போல்ட் என்றால் தகடு பெரிதாகிறது, ஒரு துளை 3 மில்லி தள்ளிப்போனால் பீமே ஏறாது. உடனே யாராவது கட்டரால் துளையை அகலப்படுத்துவார்கள், அதை எந்த டிராயிங்கிலும் காட்டவும் மாட்டார்கள்.

செந்தில் சார் சொன்ன கீழ் ஃபிளாஞ்சு பிரச்சினைக்கு வழி இருக்கிறது. வெல்டருக்குத் தரையில் தட்டையான தகட்டில் தேர்வு வைத்து மேலே ஏற்றுகிறோம், தப்பு அங்கேதான். வெப் மாதிரி ஒரு தகட்டைக் குறுக்கே நிறுத்தி, ஓட்டை வழியாக மட்டும் வெல்ட் செய்யச் சொல்லித் தேர்வு வைக்க வேண்டும். நிலநடுக்கப் பகுதிக்கான அமெரிக்க வெல்டிங் விதி டி1.8இல் இந்தத் தேர்வு இருக்கிறது.

செந்தில்
அந்தத் தேர்வை ஒவ்வொரு சைட்டிலும் கட்டாயமாக்கினால் மொமென்ட் ஃபிரேமைப் பற்றி நான் பேசுவதை நிறுத்திவிடுகிறேன். கூடவே காற்று. உருகிய இடத்தை வாயுவால் மூடிக் காக்கும் கேஸ் மூடாக்கு வெல்டிங்குக்கு மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் காற்று இருக்கக் கூடாது என்கிறது விதி. இருபதாவது மாடியில் திரை கட்டாமல் அது கிடைக்குமா? திரையை டெண்டரிலேயே தனி ஐட்டமாக எழுதுங்கள். இல்லையென்றால் வெல்டர் தன் சட்டையைக் கழற்றிக் கட்டிக்கொண்டு வேலை பார்ப்பார், அதையும் பார்த்துவிட்டேன்.