ரோட்டுக்கும் டிராக்குக்கும் ஒரே டயர் போதுமா?

கேள்வி: என் கார் முன்சக்கர இயக்க ஹாட் ஹேட்ச் (வேகமான சின்ன ஹேட்ச்பேக்), டயர் அளவு 225/40 ஆர்18. தினசரி ஓட்டம், மழையிலும்தான். வருஷத்துக்கு நாலு டிராக் நாள் (சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டுற நாள்). மிச்செலின் பைலட் ஸ்போர்ட் வரிசையில ரோட்டுக்கான 4எஸ்ஸா, டிராக்கை மனசுல வெச்சு செஞ்ச கப் 2-வா?

பதில் 1: ஒரே செட்டுன்னா 4எஸ். கப் 2-வில் தண்ணியை வெளியேத்துற பள்ளங்களோட ஆழம் குறைவு, தேங்கின தண்ணியில சீக்கிரம் மிதக்கும். குளிர்ல பிடிப்பும் வராது. ஆனா 4எஸ் தொடர்ந்து விரட்டினா சூடேறி வழுக்க ஆரம்பிக்கும். மூணு நாலு சுற்றுக்கு ஒரு தடவை மெதுவா ஒரு சுற்று விடுங்க.

பதில் 2: டயரைவிடக் காற்று முக்கியம். முன்பக்கம் குளிர்ந்த நிலையில் 28-30 பி.எஸ்.ஐ வெச்சு இறங்குங்க. பிட்டுக்கு (டிராக் ஓரத்துல வண்டி நிறுத்துற இடம்) வந்த கையோட அளந்து, சூட்டில் 34-36 தாண்டினா இறக்கிடுங்க. வீட்டுக்குக் கிளம்பும்போது, டயர் ஆறினதும், கதவு ஓரத்து ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற அளவுக்குத் திரும்ப ஏத்தணும். இதைத்தான் நிறைய பேர் மறக்குறாங்க!

பதில் 3: கேம்பர் (முன்னாடியிருந்து பார்த்தா சக்கரம் சாஞ்சிருக்கிற கோணம்) கம்பெனி அளவிலேயே இருந்தா டிராக்கில் எந்த டயரும் வெளி ஓரத்துல தேஞ்சு போகும், நடுப்பகுதி புதுசாவே நிக்கும். முன்சக்கரக் கேம்பர் மைனஸ் 2 முதல் மைனஸ் 2.5 டிகிரி (மேல்பக்கம் உள்ளே சாயணும்), டோ (மேலேயிருந்து பார்த்தா சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவு) பூஜ்யத்துக்குப் பக்கத்துல வெச்சுக்கோங்க.

கேள்வி கேட்டவர்: தனி வீல் செட் வாங்கினா?

பதில் 1: அப்போ கப் 2 டிராக்குக்கு மட்டும். டயர்ல லோடு இண்டெக்ஸ் (எவ்வளவு எடை தாங்கும்னு சொல்ற எண்) 92, எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்குற வகை) இருக்கான்னு பாருங்க. முன் ஆக்சில்ல ஒரு டயர், பின் ஆக்சில்ல வேற டயர்னு கலக்காதீங்க.