கோளாறு எந்தக் கணினியில்? மலையகத்து லினக்ஸ் கூடங்களிலிருந்து சில அனுபவங்கள்

ஹட்டன், ஐசிடி ஆசிரியை

சேர்வரிலிருந்து நெட்வேர்க் வழியாக பூட் ஆகி, மென்பொருளைத் தன் சொந்த ரேமிலும் புரொசசரிலும் ஓட்டும் லினக்ஸ் கணினிகளை வைத்துப் படிப்பிக்கிறவர்கள் இங்கே எழுதுங்கள். ஒரு சேர்வரிலிருந்து பல கணினிகளை பூட் செய்யும் மென்பொருளான எல்டிஎஸ்பியில், சேர்வரைச் சார்ந்த கணினியைக் கிளயன்ட் என்றும் இந்த வகையை ஃபட் கிளயன்ட் என்றும் சொல்வார்கள். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு புதுக் கணினி என்பது எங்கள் பக்கத்துப் பாடசாலைகளுக்கு எட்டாத பேச்சாகிவிட்டது. ஹார்ட் டிஸ்க் செத்துப்போன பழைய கோர் 2 டுவோ கணினிகள் இன்றும் பிள்ளைகளின் கைக்குக் கிடைப்பது இந்த முறையால்தான். அவை நின்றுபோனால் பாடமே நின்றுபோகும். அதனால் பழுது பார்ப்பதைப் பற்றி மனம் விட்டுப் பேசுவோம்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். பின்வரிசையில் இருந்த சில கணினிகளில் மட்டும் ஃபயர்ஃபொக்ஸ் எந்தத் தளத்தையும் திறக்காமல், பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்று எச்சரித்தது. முன்வரிசையில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. சேர்வர் ஒன்று, இமேஜ் (கிளயன்ட்கள் எல்லாம் பூட் ஆகும் லினக்ஸ் பிரதி) ஒன்று, ரவுட்டர் ஒன்று. பிறகு எப்படி வேறுபாடு வரும் என்று பலரும் சேர்வரையே தோண்டினார்கள். பழுது கிளயன்ட்டின் கடிகாரத்தில் இருந்தது. பிரவுசர் ஓடுவது பிள்ளையின் முன்னால் இருக்கும் கணினியில். அது பார்ப்பதும் அந்தக் கணினியின் நேரத்தைத்தான். மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்தால், மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒவ்வொரு முறையும் தேதி பழைய காலத்துக்குப் போய்விடும்.

இதில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. கணினியைத் தொடக்கும் பயோஸில் தேதி பல வருடம் பின்னால் நின்றாலும், லினக்ஸ் ஏறியதும் சிஸ்டம்டி என்ற அதன் தொடக்க மென்பொருள், தான் உருவாக்கப்பட்ட நாளுக்கு முந்திய நேரத்தை ஏற்றுக்கொள்ளாமல் கடிகாரத்தை அந்த நாளுக்கு முன்னே தள்ளிவிடும். ஆகவே திரையில் தெரியும் தேதி படுமோசமாக இருக்காது. ஓரிரு வருடம்தான் பிந்தியிருக்கும், யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆனால் போன மாதம் வழங்கப்பட்ட சான்றிதழ் அந்தக் கணினிக்கு இன்னும் பிறக்காத சான்றிதழ். பேட்டரிகளை மாற்றினோம். கூடத்தில் எப்போதும் இணையம் இருக்காது என்பதால் சேர்வரையே நேரம் சொல்லும் கணினியாக்கி, கிளயன்ட்களெல்லாம் அதனிடம் நேரம் கேட்கும்படி அமைத்தோம்.

அதிலிருந்து எந்தப் பழுது வந்தாலும் பிள்ளைகளிடம் முதலில் ஒரு கேள்விதான் கேட்கச் சொல்கிறேன்: இந்த மென்பொருள் இப்போது எந்தக் கணினியில் ஓடுகிறது? டெர்மினலைத் திறந்து ஹோஸ்ட்நேம் என்று அடித்தால் விடை வந்துவிடும்.

பண்டாரவளை, கணினி திருத்துபவர்

மிஸ் சொன்ன அந்தக் கேள்விதான் எங்களை ஒரு முறை காப்பாற்றியது. அப்போது ஓடியது பழைய எல்டிஎஸ்பி 5. ஒரு தோட்டத்துப் பாடசாலையில் வகுப்பு நடக்கும்போது சேர்வர் மூச்சுத் திணறியது. எல்லாம் ஃபட் கிளயன்ட், சேர்வரில் பாரமே இருக்கக்கூடாது. ஓடும் மென்பொருள்களைக் காட்டும் டொப் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் சேர்வரிலேயே லிப்ரேஒஃபிஸ் பல ஓடிக்கொண்டிருந்தன.

காரணம் இதுதான். எல்டிஎஸ்பி 5இல் ஃபட் ரேம் த்ரெஷோல்ட் என்று ஓர் அமைப்பு உண்டு. வழக்கமான அளவு 300 எம்பி. கிளயன்ட்டில் அதைவிடக் குறைவாக ரேம் இருந்தால், யாரிடமும் கேட்காமல் அதைத் தின் கிளயன்ட்டாக மாற்றிவிடும். திரையும் கீபோர்டும் மட்டும் இங்கே, மென்பொருள் முழுவதும் சேர்வரில். அந்தப் பாடசாலைக் கணினிகளில் இரண்டு 256 எம்பி துண்டுகள் சேர்ந்து 512 இருந்தது. மாதக்கணக்கில் மூடியே கிடந்த அறை, பனியும் ஈரமும் வேறு. ரேம் துண்டின் தங்க முனையில் அழுக்குப் படிந்து ஒரு துண்டு தொடர்பு விட்டுவிட்டது. மிச்சம் 256. பயோஸ் அதைச் சொல்லவில்லை, லினக்ஸும் சொல்லவில்லை. லொகின் திரை வழமைபோல வந்தது. ஹோஸ்ட்நேம் அடித்தபோதுதான் கிளயன்ட்டின் பெயருக்குப் பதிலாக சேர்வரின் பெயர் வந்தது.

ரேமைக் கழற்றி, அழிறப்பரால் முனையைத் துடைத்து, திரும்பவும் அழுத்திப் போட்டதும் சரியானது. புது எல்டிஎஸ்பி, அதாவது 2019இல் முழுவதும் திரும்ப எழுதப்பட்டது, இப்படித் தானாகத் தின் கிளயன்ட்டாக மாறாது. ஆனால் ரேம் குறைந்தால் வேறு விதமாகத் தண்டிக்கும். உலாவியில் சில தாவல்களைத் திறந்ததும் கணினி உறையும், அல்லது லினக்ஸின் மையமான கேர்னல் ஒரு மென்பொருளைக் கொன்றுவிடும். 2 ஜிபிக்குக் கீழே ஃபட் கிளயன்ட் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

பதுளை

இரண்டு ஜிபி இருந்தும் உறைகிறது என்றால் என்ன பார்க்கலாம் அண்ணே?

பண்டாரவளை, கணினி திருத்துபவர்

பிள்ளைகள் பெரிய கோப்பை எங்கே இறக்குகிறார்கள் என்று பாருங்கள் தம்பி. சேர்வரிலிருந்து வரும் இமேஜ் படிக்க மட்டும்தான். அதன் மேல் ரேமில் ஒரு தற்காலிக அடுக்கு விரிக்கப்படுகிறது. தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி அடைவில் எழுதும் எல்லாமே அந்த அடுக்குக்குப் போய் ரேமைத் தின்னும். பயனரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவு அப்படி இல்லை, அது சேர்வரில் இருக்கிறது. கிளயன்ட்டில் உட்கார்ந்து நிறுவிய மென்பொருள் மறுநாள் காணாமல் போவதும் இதே காரணத்தால்தான். நிறுவ வேண்டியது சேர்வரில். பிறகு எல்டிஎஸ்பி இமேஜ் கட்டளையால் இமேஜைத் திரும்பக் கட்ட வேண்டும். புதிதாகப் பயனர் கணக்குச் சேர்த்தால், அல்லது எல்டிஎஸ்பி கொன்ஃப் என்ற அமைப்புக் கோப்பைத் திருத்தினால், எல்டிஎஸ்பி இனிட்ஆர்டி கட்டளை. பூட் ஆகும்போது கிளயன்ட்டுக்கு முதலில் இறங்கும் சிறு தொகுப்பை அது புதுப்பிக்கும். இந்த இரண்டாவதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். சேர்வரில் லொகின் ஆகும் பிள்ளை கிளயன்ட்டில் ஆக முடியாது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

பொகவந்தலாவ, சமூக நிலையத் தொண்டர்

எங்களுக்கு வந்தது எழுத்துப் பிரச்சினை. தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

வினாத்தாள்கள், பயிற்சிப் புத்தகங்கள் நிறைய இன்னும் பாமினியில்தான் வருகின்றன. பாமினி யுனிகோட் இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்த எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். பாமினியை சேர்வரில் போட்டோம், சேர்வரின் திரையில் அழகாக வந்தது. கிளயன்ட்டில் வரவில்லை. கிளயன்ட்டில் ஓடும் லிப்ரேஒஃபிஸ் தன் இமேஜுக்குள் இருக்கும் எழுத்துருவைத்தான் பார்க்கும், சேர்வரில் இன்றைக்குப் போட்டதை அல்ல. இமேஜைக் கட்டியதும் வந்துவிட்டது. அவசரமென்றால் அந்தப் பயனரின் ஹோம் அடைவுக்குள் இருக்கும் எழுத்துரு அடைவில் போட்டாலும் உடனே வேலை செய்யும்.

விசைப்பலகையும் அப்படித்தான். இலங்கைத் தர நிர்ணயம் எஸ்எல்எஸ் 1326 சொல்லும் ரெங்கநாதன் அமைப்பு எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பில் இருக்கிறது, ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகக் கிடைக்கும். இவையும் இமேஜுக்குள் இருக்க வேண்டும். தாய்மொழியில் தட்டச்ச முடியாத கணினிக் கூடம் எங்கள் பிள்ளைகளுக்குப் பாதிக் கூடம்தான். இமேஜைக் கட்டும்போது முதலில் சோதிக்க வேண்டியது இது என்று நினைக்கிறேன்.

தலவாக்கலை, பழைய மாணவர்

நீங்கள் எல்லோரும் லினக்ஸ் ஏறிய பிறகு வரும் பழுதைச் சொல்கிறீர்கள். ஏறவே மறுத்தால்? அப்போது கறுப்புத் திரையில் வரும் எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிஎக்ஸ்ஈ என்பது நெட்வேர்க் வழியாக பூட் செய்யும் முறை. பிஎக்ஸ்ஈ-ஈ61 என்றால் கேபிளே செருகப்படவில்லை, அல்லது அறுந்திருக்கிறது. ஈ51 என்றால் ஐபி முகவரி கொடுக்க யாரும் முன்வரவில்லை. ஈ53 என்றால் முகவரி வந்தது, ஆனால் எந்தக் கோப்பை பூட் செய்வது என்று யாரும் சொல்லவில்லை. ஈ32 என்றால் கோப்பின் பெயர் தெரிந்தும் டிஎஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாக எடுக்க முடியவில்லை.

ஈ53 எங்களை நீண்ட நாள் அலைக்கழித்தது. சில நாள் காலையில் எல்லாம் பூட் ஆகும், சில நாள் பாதிதான். கடைசியில் பார்த்தால் யாரோ இணையம் எடுக்க 4ஜி ரவுட்டர் ஒன்றைக் கூடத்துச் சுவிட்சில் செருகியிருந்தார்கள். அதுவும் டிஎச்சிபி முறையில் (கணினிகளுக்குத் தானாக ஐபி முகவரி வழங்கும் முறை) முகவரி கொடுக்கும், எங்கள் சேர்வரும் கொடுக்கும். யார் முந்துகிறாரோ அவர் சொன்னதைக் கிளயன்ட் கேட்கும். ரவுட்டர் முந்தினால் பூட் கோப்பு இல்லை. ரவுட்டர் இருக்கத்தான் வேண்டும் என்றால் சேர்வரில் டிஎச்சிபி வேலையைச் செய்யும் டிஎன்எஸ்மாஸ்க் மென்பொருளை புரொக்சி டிஎச்சிபி முறையில் வையுங்கள். முகவரியை ரவுட்டர் கொடுக்கட்டும், பூட் விவரத்தை மட்டும் சேர்வர் சொல்லட்டும். இரண்டும் சண்டை போடாது.

ஈ51க்கு ஒரு விசேஷக் காரணம் உண்டு. கொழும்பு அலுவலகங்கள் கழித்துவிடும் பெரிய சுவிட்சுகள் நன்கொடையாக வரும்போது கேபிள்கள் சுற்றாக இணைவதைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ இயங்கிய நிலையிலேயே வரும். கேபிளில் உயிர் வந்ததும் அந்தப் போர்ட் 15 விநாடி கேட்டு, 15 விநாடி கற்று, பிறகுதான் தரவை விடும். கிளயன்ட் அதற்குள் பொறுமையிழந்து விட்டுவிடுகிறது. கிளயன்ட் இருக்கும் போர்ட்களில் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் அமைப்பைப் போட்டால் தீரும்.

பூட் கோப்பு இறங்கி, கேர்னலும் ஏறி, முழு லினக்ஸும் ஏறாமல் இனிட்ராம்எஃப்எஸ் என்ற குறியில் நின்றுவிட்டால் பெரும்பாலும் நெட்வேர்க் அட்டையின் டிரைவர். பிஎக்ஸ்ஈ நேரத்தில் அட்டை தன் சொந்த ரொம்மில் பதிந்த நிரலை வைத்து வேலை செய்தது. கேர்னலுக்குத் தனி டிரைவர் வேண்டும், சில புரோட்கொம், ரியல்டெக் அட்டைகளுக்கு ஃபேர்ம்வேர் கோப்பும் வேண்டும். அந்தத் தொகுப்பைச் சேர்வரில் நிறுவி, இமேஜையும் இனிட்ஆர்டியையும் புதுப்பிக்க வேண்டும். புதிய கணினி நன்கொடையாக வந்து பூட் ஆக மறுத்தால் பயோஸில் செக்கியூர் பூட்டை அணைத்துப் பாருங்கள்.

மஸ்கெலியா, ஆசிரியர்

எங்கள் பக்கம் வைகாசியில் தொடங்கும் மழை மாதக்கணக்கில் விடாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி வேறு. அதனால் நான் முதலில் பார்ப்பது கேபிளை. கிகாபிட் இணைப்புக்கு நான்கு சோடிக் கம்பியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடி போதும். ஈரத்தில் மற்ற இரண்டில் ஒரு சோடி துருப்பிடித்தால் இணைப்பு அறாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கும். கிளயன்ட் ஒன்றில் இது நடந்தால் தாங்கலாம். சேர்வரிலிருந்து சுவிட்சுக்குப் போகும் கேபிளில் நடந்தால் முழுக் கூடமும் விநாடிக்கு 12 எம்பிக்கும் குறைவானதைப் பங்கு போட வேண்டும். மென்பொருள் கிளயன்ட்டில் ஓடினாலும் அதன் கோப்புகள் சேர்வரின் இமேஜிலிருந்துதான் வருகின்றன. முதல் முறை திறக்கும்போது தவம் கிடக்க வேண்டும், இரண்டாம் முறை உடனே திறக்கும். இந்த அறிகுறி கண்டால் சேர்வரில் ஈத்டூல் கட்டளை போட்டு வேகத்தைப் பாருங்கள்.

இடி வரும் மாதங்களில் மின் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது. ரவுட்டருக்கு வரும் தொலைபேசி வயரையும் கழற்றுங்கள். அந்த வழியாக வந்துதான் எங்கள் சுவிட்சின் போர்ட்கள் கருகின.

ஹட்டன், ஐசிடி ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. மின்வெட்டு பற்றி யாரும் எழுதவில்லை, நான் சேர்க்கிறேன். 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேரம் வரை வெட்டிய காலத்தை மறக்க முடியாது. இப்போது அப்படி இல்லை என்றாலும், மரம் விழுந்தால் எங்களுக்குக் கரண்ட் போகும்.

தரம் 11 பிள்ளை ஒருத்தி செயன்முறைப் பயிற்சியைச் செய்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனது. வந்த பிறகு வேறு கணினியில் உட்கார்ந்து தன் கோப்பைத் திறந்தாள். வேறொரு கணினியில் நீங்களே இதைப் பூட்டியிருக்கிறீர்கள் என்று சொல்லி, படிக்க மட்டும் திறக்கவா என்று லிப்ரேஒஃபிஸ் கேட்டது. பிள்ளை அழாத குறை. லிப்ரேஒஃபிஸ் கோப்பைத் திறக்கும்போது அதே அடைவில் மறைவாக ஒரு பூட்டுக் கோப்பை எழுதும். அதில் பயனர் பெயரோடு கணினியின் பெயரும் இருக்கும். பழைய கணினிக்கே போயிருந்தால் அது தன் பூட்டு என்று தெரிந்து திறந்திருக்கும். வேறு கணினி என்பதால் அந்தப் பழைய கணினியில் கோப்பு இன்னும் திறந்திருப்பதாக எடுத்துக்கொண்டது. ஹோம் அடைவில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, லொக் என்று பெயர் வரும் அந்தக் கோப்பை அழித்தால் போதும். அழிக்க முன்னர் வேறு எந்தக் கணினியிலும் அந்தக் கோப்பு திறந்திருக்கவில்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும்.

இதையொட்டி இன்னொன்று. வகுப்பு முழுவதற்கும் ஒரே பயனர் கணக்குக் கொடுப்பதை விட்டுவிடுங்கள். ஒரே ஹோம் அடைவில் பல கணினிகள் ஒரே நேரத்தில் எழுதும். ஃபயர்ஃபொக்ஸ் ஏற்கெனவே ஓடுகிறது என்று மறுக்கும், அல்லது அதன் அமைப்புகள் கெட்டுப்போகும். சேர்வரின் அடைவை நெட்வேர்க் வழியாகத் தரும் எஸ்எஸ்எச்எஃப்எஸ் வழியாக வரும் ஹோம் அடைவில் ஒரு கணினி போடும் கோப்புப் பூட்டு மற்றதற்குத் தெரியாது.

பதுளை

மிஸ், பண்டாரவளை அண்ணே, பார்த்துவிட்டேன். எங்கள் பிள்ளைகள் காணொளிகளை டிஎம்பியில்தான் இறக்கியிருக்கிறார்கள். உலாவியின் பதிவிறக்க அடைவை ஹோமுக்கு மாற்றினேன், இன்று பிற்பகல் வகுப்பு முழுவதும் ஒன்றும் உறையவில்லை. எல்லோரும் ஒரே கணக்கில்தான் இருக்கிறார்கள், தனித்தனிக் கணக்கை இந்தத் தவணை விடுமுறையில் செய்கிறேன். கணக்குகளைச் சேர்த்த பிறகு இனிட்ஆர்டி கட்டளையை ஒரு முறை கடைசியில் போட்டால் போதுமா, ஒவ்வொரு கணக்குக்கும் போட வேண்டுமா?

பண்டாரவளை, கணினி திருத்துபவர்

கடைசியில் ஒரு முறை போதும் தம்பி. பிறகு கிளயன்ட்களைத் திரும்ப பூட் செய்யுங்கள், ஓடிக்கொண்டிருப்பவற்றுக்குப் புதுக் கணக்குத் தெரியாது.