சிகாரியோவில் மெக்சிகோக்காரர்கள் எங்கே?

கேள்வி:
அமெரிக்க-மெக்சிகோ எல்லையில் நடக்கும் போதைக் கும்பல் வேட்டையைக் காட்டும் சிகாரியோ (2015) படத்தை மறுபடியும் பார்த்தேன், ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நடிகர்களை எண்ணிப் பார்த்தால் குறை சொல்ல இடமே இல்லை. நாயகி எமிலி பிளன்ட், அவளுடைய கூட்டாளி கருப்பினத்தவரான டேனியல் கலூயா, எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுகிற வேடம் பெனிசியோ டெல் டோரோவுக்கு. ஆனால் அமெரிக்கப் படையின் வண்டிகள் மெக்சிகோவின் எல்லை நகரமான ஹுவாரெஸுக்குள் நுழையும்போது நாம் பார்க்கும் மெக்சிகோக்காரர்கள் யார்? தொங்கவிடப்பட்ட பிணங்கள், அப்புறம் திரும்பும் வழியில் பாலத்து நெரிசலில் துப்பாக்கியோடு காத்திருக்கும் ஆட்கள். டெல் டோரோ கூட மெக்சிகோக்காரர் இல்லை, போர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்தவர்தான். இதைப் பன்முகத்தன்மை உள்ள படம் என்று சொல்லலாமா, இல்லை ஒரு த்ரில்லரிடம் கேட்கக் கூடாததை நான் கேட்கிறேனா?

பதில் 1:
சில்வியோவை விட்டுவிட்டீர்களே! அந்த மெக்சிகோ போலீஸ்காரர் காலையில் எழுவதும், காபியில் சாராயம் கலப்பதும், மகன் பந்து விளையாடக் கூப்பிடுவதும் கதையோடு ஒட்டாமல் நடுநடுவே வந்துகொண்டே இருக்கும். படம் முடிவதே அந்தப் பையனின் கால்பந்து மைதானத்தில்தான், தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டு எல்லாரும் ஒரு நிமிடம் நின்றுவிட்டு ஆட்டத்தைத் தொடர்வார்கள். சாதாரண மக்களை மறந்த இயக்குநர் கடைசிக் காட்சியை அவர்களிடம் கொடுப்பாரா?

பதில் 2:
கொடுத்தார், சரி. ஆனால் சில்வியோ எத்தனை வார்த்தை பேசுகிறார்? சாகடிப்பதற்கு முன்னால் நம்மைக் கொஞ்சம் இரக்கப்பட வைக்கத்தான் அந்த வீடும் மகனும். அவர் என்ன நினைக்கிறார், யாருக்குப் பயந்து போதைப்பொருள் கடத்துகிறார், ஒன்றும் தெரியாது. படம் வந்தபோது ஹுவாரெஸ் மேயரே புறக்கணிக்கச் சொன்னார், அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. 2010ல் அந்த ஒரு நகரத்தில் மட்டும் 3,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள், ஆனால் படம் வருவதற்குள் கொலைகள் வெகுவாகக் குறைந்திருந்தன. படத்தில் நகரம் பழைய நரகமாகவே நிற்கிறது.

இன்னொன்றையும் யாரும் பேசுவதில்லை. எல்லை ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் அமெரிக்க நகரமான எல் பாசோவில் 80 சதவீதம் பேர் லத்தீன் அமெரிக்க வம்சாவளிதான், அமெரிக்க எல்லைக் காவல் படையிலேயே ஏறக்குறைய பாதிப் பேர் அவர்கள்தான். தன் சொந்தக்காரர்கள் வசிக்கும் பக்கத்தையே காவல் காக்கும் ஆளை விடப் பெரிய நாடகம் எல்லையில் வேறு என்ன இருக்கிறது? அதைத் தொடாமல், ஒன்றும் தெரியாத ஒருத்தியை வெளியிலிருந்து கொண்டுவந்து அவள் கண்ணால் பார்க்கச் சொல்கிறார்கள்.

பதில் 3:
நடிகர் எந்த ஊர் என்பதை மட்டும் வைத்து அளந்தால் குழப்பம்தான் மிஞ்சும். 1958ல் வந்த டச் ஆஃப் ஈவில் படத்தில் மெக்சிகோ அதிகாரியாக நடித்தவர் சார்ல்டன் ஹெஸ்டன், முகத்தில் கருப்புப் பூச்சு, மீசை. இன்று பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் கதையில் நேர்மையானவர், சட்டம் தெரிந்தவர் அந்த மெக்சிகோக்காரர், பொய்த் தடயம் வைத்து ஆட்களை மாட்டிவிடுபவர் அமெரிக்கப் போலீஸ். மூல நாவலில் நாயகன் அமெரிக்கன், மனைவிதான் மெக்சிகோக்காரி, இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் வேண்டுமென்றே திருப்பிப் போட்டார். சிகாரியோவில் நிலைமை தலைகீழ், முகங்கள் பொருத்தமாக இருக்கின்றன, மெக்சிகோவுக்குக் கொடுத்த இடம்தான் சரியில்லை. போதைக் கடத்தல் பற்றிய ட்ராஃபிக் (2000) நடுவில் நிற்கும்: மெக்சிகோப் பகுதி முழுக்க மஞ்சள் வெளிச்சம், எரிச்சலாக இருக்கும், ஆனாலும் டெல் டோரோவின் டிஹுவானா போலீஸ்காரர் ஸ்பானிஷில் பேசுகிறார், அவரே முடிவெடுக்கிறார்.

கேட்டவர்:
இது புரிகிறது. அப்போது சரியாகச் செய்த படம் எது?

பதில் 2:
லோன் ஸ்டார் (1996), இயக்கம் ஜான் சேல்ஸ். டெக்சாஸ் எல்லை ஊர், பாலைவனத்தில் பழைய ஷெரிஃபின் (உள்ளூர்க் காவல் தலைவரின்) எலும்புக்கூடு கிடைக்கிறது, அங்கிருந்து விசாரணை. கொலையை விட, பள்ளியில் டெக்சாஸ் வரலாற்றை யார் பார்வையில் சொல்வது என்று பெற்றோர்கள் சண்டை போடுவது எனக்குப் பிடித்த காட்சி. உணவகம் நடத்தும் மெர்சிடஸ் என்ற மெக்சிகோப் பெண், வேலையாட்களை ஆங்கிலத்தில் பேசச் சொல்லி அதட்டுவாள், ஆற்றைத் தாண்டி வருபவர்களைக் கண்டால் எல்லைக் காவலுக்குப் போன் செய்வாள். அவள் அந்தக் காலத்தில் எப்படி அக்கரையிலிருந்து வந்தாள் என்பது பின்னால் தெரியும். நல்லவளாகக் காட்ட வேண்டும் என்ற கவலையே படத்துக்கு இல்லை.

பதில் 1:
சில்வியோ விஷயத்தில் நான் இன்னும் மாறவில்லை. ஆனால் எமிலி பிளன்டின் வேடத்தை ஆணாக மாற்றச் சொல்லிப் பணம் போடுபவர்கள் நெருக்கினார்கள், படக்குழு மறுத்தது. அப்படிக் காப்பாற்றிய பாத்திரம் 2018ல் வந்த இரண்டாம் பாகத்தில் இல்லவே இல்லை. அதற்கு என்னிடமும் பதில் இல்லை.