‘கால்’ என்ற சொல் உங்களை எங்கே நிறுத்தியது?

தாழைமடல்
விநாயகர் அகவலில் அந்த வரி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ‘மூலாதாரத்தின் மூண்டெழு கனலைக் காலால் எழுப்பும் கருத்தறிவித்தே.’ அம்மா சொல்லச் சொல்ல, அக்கா மகள் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தாள். இந்த வரி வந்ததும் சட்டென்று நிறுத்தி, “நெருப்பைக் காலால் எழுப்பினால் சுடாதா அம்மாச்சி?” என்றாள். அம்மா விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அடுப்படியிலிருந்து ஊதுகுழலை எடுத்து வந்து, பிள்ளையின் உள்ளங்கையில் ஒரு முறை ஊதினார். “இதுதான் கால். காற்று, மூச்சு.” எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நடக்கிற காலுக்கும் வீசுகிற காலுக்கும் என்ன உறவு? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது.

கணக்கர்வீட்டுப் பேரன்
எனக்கு மாட்டுக்கொட்டிலில் நேர்ந்தது. தாத்தா எண்சுவடி படித்தவர். பின்னக் கணக்கு எனக்கு ஏறவில்லை என்று தெரிந்ததும் கையைப் பிடித்துக் கொட்டிலுக்கு அழைத்துப் போனார். பசுவின் கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, “கால், அரை, முக்கால், ஒன்று” என்றார். மாடு ஒரு காலை உதறியது, அதுவும் நினைவிருக்கிறது. வடமொழியிலும் ‘பாதம்’ என்றால் காலடி, நாலில் ஒரு பங்கு, இரண்டும்தான். முக்காலே மூன்று வீசம் என்று வாய் நிறையச் சொல்கிறோமே, அது பதினாறில் பதினைந்து பங்கு என்று இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

சொல்வேர்
தாழைமடல், உறவு இல்லாமலா? ஓடுவதெல்லாம் கால். காற்று ஓடுகிறது, வாய்க்காலில் நீர் ஓடுகிறது, தேர்க்கால் ஓடுகிறது. கல்லூரியில் திருக்குறள் போட்டி. ‘கடலோடா கால்வல் நெடுந்தேர்’ என்ற குறளுக்கு, இங்கே கால் என்றால் சக்கரம் என்றேன். நடுவர், “கால் என்றால் கால்தான், அடுத்தவர் வரலாம்” என்று கையசைத்து அனுப்பிவிட்டார். அதே இடனறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளைப் பாருங்கள்: ‘காலாழ் களரில் நரியடும்.’ அங்கே சேற்றில் புதைவது யானையின் கால். ஒரே அதிகாரத்தில் உருளும் காலும் உண்டு, புதையும் காலும் உண்டு. மேடையில் இதைச் சொல்லி முடிக்க விடவில்லையே என்ற ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

நிகண்டுப்பிரியை
சொல்வேர் அவர்களே, குறளுக்கு நீங்கள் சொன்ன பொருள் சரி, நடுவர் செய்தது அநியாயம். ஆனால் ‘ஓடுவதெல்லாம் கால்’ என்பதை என்னால் ஏற்க முடியாது. மதுரை ஆயிரங்கால் மண்டபத்துக்குள் போய் நின்று பாருங்கள். 985 தூண்கள், ஒன்றாவது ஓடுகிறதா? பந்தக்கால் ஓடுமா? நாற்காலி ஓடுமா? தாங்கி நிற்பதும் கால்தான். அந்த மண்டபத்தில் ஒரு தூணில் கை வைத்துக்கொண்டு இதைத்தான் வெகுநேரம் யோசித்தேன். கன்னடத்திலும் தெலுங்கிலும் உடம்பின் கால் ‘காலு’, மலையாளத்திலும் ‘கால்’. இவை ஒரு குடும்பம். காற்றைக் குறிக்கும் காலை, பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி தனிப் பதிவாக வைத்திருக்கிறது. ஒலி ஒன்றாக இருப்பதால் வேரும் ஒன்றாகிவிடாது.

சொல்வேர்
தூணும் சக்கரமும் தாங்குகின்றன, ஒப்புக்கொள்கிறேன். வாய்க்கால் எதைத் தாங்குகிறது? அதற்குப் பதில் சொல்லுங்கள், பிறகு அகராதிக்குப் போகலாம்.

ஓய்வாசிரியர்
என் அனுபவம் சிறியது. முதல் வகுப்பில் ஒரு பையன் ‘படம்’ என்று எழுதிவிட்டு ‘பாடம்’ என்று வாசித்தான். “கால் எங்கே?” என்றேன். பலகைக்கு அடியில் குனிந்து தன் காலைப் பார்த்தான். அவ்வளவுதான்.

ஆனால் தாழைமடலுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குழந்தைக்கு வேர் தேடிக் கொடுக்க இப்போதே அவசரப்படாதீர்கள். முதலில் பக்கத்துச் சொல்லைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். கனல் பக்கத்தில் வந்தால் காற்று, தேர் பக்கத்தில் வந்தால் சக்கரம், எண் பக்கத்தில் வந்தால் பங்கு. அடுத்து, சொல்லின் வால் பக்கம் வரும் காலைக் காட்டுங்கள். ‘இன்னாசெய் தார்க்கும் இனியவே செய்யாக்கால்’ என்ற குறளில் அது உறுப்பும் இல்லை, காற்றும் இல்லை. ‘செய்யாவிட்டால்’ என்று பொருள். பிள்ளை கொஞ்சம் வளர்ந்த பிறகு தொல்காப்பிய வேற்றுமையியலில் ‘கண் கால் புறம் அகம் உள் உழை’ என்று தொடங்கும் நூற்பாவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஏழாம் வேற்றுமையின் இடப்பொருளைச் சொல்லும் அந்தப் பட்டியலில் கண்ணும் காலும் தலையும் இருக்கின்றன. உடம்பை வைத்தே நம்மவர்கள் இடத்தை அளந்திருக்கிறார்கள் என்பது பிள்ளைக்குத் தானே பிடிபடும். சிலப்பதிகாரத்துக் கால்கோட் காதையையும் விட்டுவிடாதீர்கள். கட்டடத்துக்குக் கால்கோள் விழா என்று நாம் அழைப்பிதழ் அடிக்கும் சொல் அங்கே இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்று போதும், திணிக்க வேண்டாம்.

நிகண்டுப்பிரியை
ஐயா, தாழைமடல் பாடத்திட்டம் கேட்கவில்லை. இருந்தாலும் செய்யாக்கால் நல்ல எடுத்துக்காட்டு, குறித்துக்கொண்டேன்.

இயன்முறைக்காரி
நீங்கள் எல்லோரும் இலக்கியத்தில் இருக்கிறீர்கள். எனக்கு இந்தச் சொல் சிகிச்சை அறையில் தினமும் வருகிறது. தமிழில் கால் என்றால் இடுப்புக்குக் கீழே விரல் நுனி வரை எல்லாமும்தான். ஒரு மூதாட்டி வந்தார், சீட்டில் ‘வலது கால் வலி’ என்று மட்டும் இருந்தது. வேறோர் இடத்தில் பாதத்தைப் படம் எடுத்து, கணுக்காலுக்குக் கட்டும் போட்டு அனுப்பியிருந்தார்கள். “எந்த இடத்தில் அம்மா, ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்” என்றேன். அவர் கை நேராகத் தொடையிடுக்குக்குப் போனது. வலி இடுப்பு மூட்டில். தொடை, முழங்கால், கெண்டைக்கால், கணுக்கால், குதிகால், பாதம் என்று அத்தனைக்கும் தனிப்பெயர் வைத்திருக்கும் மொழி நம்முடையது. ஆனால் வலிக்கும்போது வாயில் வருவது ‘கால்’ ஒன்றுதான். அந்த அம்மாவிடம் முதல் இடத்தில் யாராவது “எங்கே?” என்று கேட்டிருக்க வேண்டும்.